கோபம் ஒழிந்த பள்ளிக்கூடம்

முசாலே ஊரில் கோபம் ஒழிக்கப்பட்ட ஆண்டில் ஸெலிபா ஷாவாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு படித்தாள். அதாவது மாமரத்தடியில் படித்தாள். ஏழாம் வகுப்பின் அறையை ஜனவரியிலேயே அமைதி அறையாக மாற்றிவிட்டார்கள்.

அறைக்கு நீலச் சாயம் அடித்தார்கள். தலைநகர் லுசாகாவிலிருந்து கம்பளம் வந்தது, எட்டுத் திண்டுகள் வந்தன. சுவரில் ஓர் ஏரியின் படத்தை மாட்டினார்கள். கோபம் வந்த குழந்தை உள்ளே போய்த் திண்டில் உட்கார்ந்து, ஏரியைப் பார்த்துத் தணிய வேண்டும். திட்டத்தின் பெயர் ‘தணிந்த குழந்தை, உயர்ந்த நாடு’. அறையை இழந்த நாற்பத்தாறு குழந்தைகளுக்கும் கோபம் வந்தது. பள்ளியில் இவ்வளவு கோபம் இருக்கிறது என்று கணக்கெடுப்பில் தெரிந்ததும், அமைதி அறை எவ்வளவு அவசியம் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பிப்ரவரியில் ஒருநாள் பாடத்தின் நடுவே மழை கொட்டியது. மாமரம் தன்னால் முடிந்ததைச் செய்தது. ஸெலிபாவின் அறிவியல் நோட்டு நனைந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதிவந்த நோட்டு. அதன் அட்டையில் அவள் பெயரை அவளுடைய அம்மா எட்டெலினா எழுதியிருந்தாள். எட்டெலினா போன செப்டம்பரில் இறந்துபோனாள். இப்போது பெயரும் மையாகக் கரைந்து ஸெலிபாவின் விரலில் வந்துவிட்டது.

அவள் அமைதி அறைக் கதவைக் கையால் தட்டினாள். உள்ளே தலைமையாசிரியை திருமதி சியாமே விருந்தினர்களோடு மௌனப் பயிற்சியில் இருந்தார். மௌனத்தின் நடுவில் எழுந்து கதவைத் திறக்கலாமா என்பது பற்றி வழிகாட்டுதல் எதுவும் இல்லை. ஸெலிபா மறுபடி தட்டினாள். பிறகு காலால் மூன்று முறை உதைத்தாள்.

மறுநாள் அவளுடைய அப்பா லாமெக் ஷாவாவுக்கு ஆள் போயிற்று.

லாமெக் சந்தையில் சோளம் அரைக்கும் மில்லை ஓட்டுபவர். தலைமுதல் கால்வரை மாவு. நாற்காலி வெளுத்துவிடும் என்று நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காருங்க மிஸ்டர் ஷாவா. உங்க பொண்ணு ஆரஞ்சு” என்றார் திருமதி சியாமே.

“சாப்பாட்டுல ஏதாவது சேத்தா சரியாயிடுமா மேடம்?”

“இது உடம்பு இல்லைங்க. கோபத்துக்கு நாலு நிறம் இருக்கு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கதவை ஒருதடவை உதைச்சா மஞ்சள். மூணு தடவை உதைச்சா ஆரஞ்சு.”

“ரெண்டு தடவைன்னா?”

திருமதி சியாமே கையேட்டைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். “ரெண்டு தடவைக்கு இன்னும் உத்தரவு வரலை.”

“எதுக்கு மேடம் உதைச்சா?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை. காரணம் கேட்டா கோபத்துக்கு மரியாதை குடுத்த மாதிரி ஆயிடும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “விஷயம் என்னன்னா, மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஏழாம் வகுப்புப் பரீட்சைப் பட்டியல் போகுது. தணிவுச் சான்றிதழ் இல்லாத பிள்ளை பேரு அதுல வராது. பரீட்சை எழுதலைன்னா மேல படிக்க முடியாது. பன்னிரண்டு பயிற்சி வகுப்பு இருக்கு. பச்சைக்கு வந்துட்டா சான்றிதழ் கிடைச்சிடும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

லாமெக் போட்டார். செப்டம்பரிலிருந்தே அவர் மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்: ஆஸ்பத்திரியில், பிணவறையில், இடுகாட்டு அலுவலகத்தில். கை பழகிவிட்டது.

பயிற்சியை நடத்தியவர் கள அலுவலர் மிஸ் நாமுகோலோ. நல்ல பெண். ஒரு சின்ன வெண்கல மணியும் ஒரு பெரிய கோப்பும் வைத்திருந்தார். பயிற்சி அமைதி அறையில், பாட நேரத்தில் நடந்தது. ஆக, அந்த வருஷம் ஸெலிபா தன் சொந்த வகுப்பறைக்குள் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தாள். ஆனால் தனியாக. ஜன்னல் வழியே மரத்தடியில் பின்னம் கற்றுக்கொண்டிருந்த மற்ற நாற்பத்தைந்து பேரும் தெரிந்தார்கள்.

“கண்ணை மூடிக்கோ. கையில சூடான கஞ்சி இருக்கு. ஊது” என்றார் மிஸ் நாமுகோலோ.

“எந்தக் கஞ்சி, டீச்சர்?”

“கற்பனைக் கஞ்சி.”

“காலையில நிஜக் கஞ்சியே குடிக்கலை டீச்சர்.”

“அது வேற திட்டம்மா. ஊது.”

ஸெலிபா ஊதினாள். அடுத்த வகுப்பில், கோபத்தை ஒரு விலங்காக வரையச் சொன்னார்கள். அவள் ஒரு கதவை வரைந்தாள். கதவு விலங்கில்லை என்று மிஸ் நாமுகோலோ பொறுமையாக எடுத்துச் சொன்னதும், அதே கதவுக்கு நாலு கால் போட்டுக் கொடுத்தாள். அந்த வகுப்பும் ஆரஞ்சிலேயே முடிந்தது.

அடுத்தது பெற்றோரைப் பார்வையிடுதல். மிஸ் நாமுகோலோ மில்லுக்கு வந்தார். மில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் கொட்டு மேளமே அடித்தாலும் கேட்காது.

“வீட்டுல குரலை உசத்திப் பேசுவீங்களா?” என்று கேட்டார் மிஸ் நாமுகோலோ.

“என்னது?” என்று கத்தினார் லாமெக்.

“குரலை உசத்தி…”

“கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க.”

மிஸ் நாமுகோலோ ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டார். வழக்கம்போல மின்சாரம் நின்றது. மில் பெருமூச்சு விட்டு அடங்கியது. மாவு மெல்ல இறங்கிற்று.

“மனைவி?”

“செத்துட்டா.”

“எப்ப?”

“செப்டம்பர்.”

“அதை நினைக்கிறப்ப உங்களுக்கு என்ன தோணுது?”

லாமெக் யோசித்தார். உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தார். அறுவடை முடிந்த களஞ்சியத்தில் விளக்கு வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. “ஒண்ணுமில்லை” என்றார்.

மிஸ் நாமுகோலோவின் முகம் மலர்ந்தது. “கோபம்? வருத்தம்?”

“இல்லை.”

“ராத்திரி தூக்கம்?”

“படுத்துப்பேன்.”

“சார், ரெண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்லை. முழுப் பச்சை.” அவர் கோப்பில் பெரிய பச்சை வட்டம் போட்டார். “முன்மாதிரிப் பெற்றோர் பட்டியல்ல உங்க பேரைச் சேக்கறேன். பொண்ணையும் உங்களை மாதிரியே கொண்டுவந்துடலாம்.”

அன்று மாலை வீட்டுச் சூழலைப் பார்க்க அவர் குழாயடிக்கு வந்தார். அங்கேதான் விஷயம் கெட்டது.

லாமெக் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கபெம்ப்வாவின் அம்மா. அவள் பெம்பாக்காரி. ஷாவா குடும்பம் கிழக்கேயிருந்து ரயில் வேலைக்கு வந்த ங்கோனிக் குடும்பம். பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் பெரிய சண்டை. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை முடிவாகவில்லை. முடிவாகாத சண்டையை என்ன செய்வது? கேலி முறையாக்கிக்கொண்டார்கள். நம்மூரில் மாமன் மச்சான் வாரிக்கொள்வது போல, ஒரு பெம்பா ஒரு ங்கோனியைக் கண்டால் வாயைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. ங்கோனிகள் எலி தின்பவர்கள் என்று பெம்பாக்கள் வாருவார்கள், பெம்பாக்கள் குரங்கு தின்பவர்கள் என்று ங்கோனிகள் வாருவார்கள். வாரினால் வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. கல்யாணத்திலும் உண்டு, சாவிலும் உண்டு. சாவில்தான் அதிகம் உண்டு.

எட்டெலினாவின் சாவில் அந்த முறையைச் செய்தவள் கபெம்ப்வாவின் அம்மாதான். எட்டெலினாவின் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, எட்டெலினா மாதிரியே இடது காலைச் சாய்த்து நடந்து, துக்கத்துக்கு வந்தவர்களிடம் எட்டெலினாவின் குரலில், “என் உப்பை யாருடி இவ்வளவு அள்ளிப் போட்டது? செத்தா கேக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?” என்று சண்டை போட்டாள். இடுகாட்டில் குழிக்குள்ளேயே இறங்கி நின்று, “இந்த எலி வளை பத்தாது, இன்னும் தோண்டு” என்றாள். ஸெலிபா பாய்ந்து போய் அவள் கையைக் கடித்துவிட்டாள். கடித்தவள் அப்படியே அந்தக் கையில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா இறந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். பல் பதிந்த தழும்பைக் கபெம்ப்வாவின் அம்மா ஊரெல்லாம் காட்டினாள்: “அத்தாட்சி பாத்துக்குங்க. எலியேதான்.”

மிஸ் நாமுகோலோ மணியும் கோப்புமாக வந்து நின்றபோது குழாயடியில் தினசரி வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“ஏய் எலிக்குட்டி, வாளியை நகர்த்து. உங்க ஆளுங்க வந்தாலே தண்ணியில மீசை மயிர் மிதக்குது.”

“உங்க வீட்டுச் சட்டியை முதல்ல மூடி வைங்க. வால் வெளிய தொங்குது. குரங்கோட சொந்தக்காரங்க தேடிட்டு வரப்போறாங்க.”

“உங்க தாத்தா எங்க தாத்தாவைப் பாத்து ஓடின காலடித் தடத்தை வச்சுத்தாண்டி இந்த ரயில் பாதையே போட்டாங்க.”

“முன்னாடி ஓடினது உங்க தாத்தா. துரத்தறவரும் ஓடத்தானே செய்வாரு?”

அன்று ஸெலிபாவுக்கு அதற்குமேல் கேலி வரவில்லை. நோட்டு நினைவுக்கு வந்ததோ என்னவோ, திடீரென்று வாளியை உதைத்தாள். தண்ணீர் முழுதும் போயிற்று. கபெம்ப்வாவின் அம்மா தன் வாளியையும் அவள் காலருகே தள்ளி வைத்தாள். “இதையும் உதை. எங்கம்மா குடுத்த சீர். பழைய தகரம், இன்னும் நல்லாச் சத்தம் வரும்.” ஸெலிபா உதைத்தாள். நல்லாத்தான் வந்தது. இன்னொரு முறை உதைத்தாள். பிறகு நனைந்த பாவாடையோடு உட்கார்ந்து சிரித்தாள், சிரித்து முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு வாளியையும் நிரப்பினாள்.

மிஸ் நாமுகோலோவும் இந்த நாட்டில் பிறந்தவர்தான். லோஸிக்காரர். கேலி முறைக்கு டோங்காக்காரர்கள் கிடைத்தால் அவரும் விட மாட்டார். ஆனால் கோப்பில், ‘அண்டை வீட்டார் குழந்தையை வசைபாடுகிறார்களா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘குழந்தை திருப்பி வசைபாடுகிறதா?’ என்று இன்னொன்று. ‘பொருள்களுக்குச் சேதம் உண்டா?’ என்று மூன்றாவது. முறை என்ற கட்டம் இல்லை.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. மேற்படி அண்டை வீட்டார் மேற்படி குழந்தையோடு முப்பது அடிக்குள் பேசக் கூடாது. முன்மாதிரிப் பெற்றோரே அதை நேரில் சேர்ப்பித்து, ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். குழாயடிக்கும் கபெம்ப்வா வீட்டு வாசலுக்கும் நடுவே பன்னிரண்டு அடி.

லாமெக் காகிதத்தோடு அவள் வாசலில் போய் நின்றார். அவள் அடுப்படியில் கீரையும் வேர்க்கடலையும் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க எலி மச்சான். மாவுதான் தெரியுது. உள்ள ஆளு இருக்கா?”

அவர் காகிதத்தை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். உதடு அசைய, மெதுவாக, கடைசி வரைக்கும் படித்தாள்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா.”

“படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?”

“பரீட்சைப் பட்டியல்ல பேரு வரணும்.”

“அதைக் கேக்கலை.”

அவள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

“சரிங்க மிஸ்டர் ஷாவா” என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் அவரை மரியாதையாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஸெலிபா பள்ளிக்குப் போன பின்னரே கபெம்ப்வாவின் அம்மா குழாயடிக்கு வந்தாள். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸெலிபா வாளியை வைத்தாள், நிரம்பும்வரை தண்ணீரைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போனாள். முதல் வாரம் அந்தக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது வாரம் அதுவும் இல்லை.

கஞ்சி ஊதச் சொன்னால் ஊதினாள். விலங்கு வரையச் சொன்னால் பசு வரைந்தாள். ஐந்தாவது பயிற்சியில் மஞ்சள், எட்டாவதில் பச்சை. பன்னிரண்டாவது வகுப்பில் மிஸ் நாமுகோலோ அவளுடைய பழைய அறிவியல் நோட்டை வைத்துக்கொண்டு, “இதைப் பாத்தா என்ன தோணுது?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லை டீச்சர்” என்றாள் ஸெலிபா. அன்று வகுப்பு பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் லாமெக் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டார். முன்பெல்லாம் அவள் தட்டைத் தள்ளிவிடுவாள். இப்போது சோளக் களியைப் பிட்டுத் தொட்டுத் தொட்டு, தட்டு காலியாகும்வரை தின்றாள்.

“உப்பு இல்லை போலருக்கே” என்றார் லாமெக்.

“சரிப்பா” என்றாள்.

மார்ச் இருபத்தேழு. பட்டியல் போவதற்கு முந்தைய நாள். பள்ளி முற்றத்தில் விழா. திட்டத்தின் மாவட்ட இயக்குநர் கிறிஸ்பின் முசோண்டா நேரில் வந்தார். நாட்டிலேயே கோபம் பூஜ்யமான முதல் பள்ளி என்று அறிவிப்பதாக ஏற்பாடு. பந்தலின் கீழ் பெரியவர்கள் இருந்தார்கள். வெயிலில் பிள்ளைகள் இருந்தார்கள்.

“பிள்ளைகளே,” என்று ஆரம்பித்தார் முசோண்டா, “எனக்குக் கோபம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கடைசியா என் டிரைவர் மேல வந்துது. அவன் இப்ப வேலையில இல்லை. அதுக்கப்புறம் எனக்குக் கோபம் வர்ற மாதிரி யாரும் நடந்துக்கறதே இல்லை. இதுக்குப் பேருதான் தணிவு.”

பெரியவர்கள் கைதட்டினார்கள்.

“சிலபேரு கேக்கறாங்க. பெஞ்சு இல்லை, புத்தகம் இல்லை, அதுக்கெல்லாம் திட்டம் இல்லையான்னு. நான் சொல்றேன். ஒரு பெஞ்சு குடுத்தா நாலு பிள்ளை உக்காரும். தணிவு குடுத்தா நானூறு பிள்ளையும் பெஞ்சே கேக்காது. எது சிக்கனம், நீங்களே சொல்லுங்க.”

அப்போது ஒலிபெருக்கி கீச்சிட்டு அடங்கிவிட்டது. முசோண்டா மைக்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை நாலா பக்கமும் தெளிவாகக் கேட்டது. மைக் சரியாகிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். “இது கோபம் இல்லை. நிர்வாகம்” என்றார் முசோண்டா.

முதல் சான்றிதழைத் திருமதி சியாமே எடுத்துக் கொடுத்தார். ஸெலிபா மேடையேறி, கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். முசோண்டா பெயரைப் படித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முசோண்டா பெம்பாக்காரர். ஒரு பெம்பாக்காரர் கையில் ஒரு ங்கோனிப் பெயரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்வது, சூடான களியை வாயில் போட்டுவிட்டு மெல்லாதே என்பது மாதிரி. நாக்கு தானாக வேலை செய்துவிடும். படிப்போ பதவியோ அதைத் தடுக்காது.

“ஷாவாவா?” என்றார் முசோண்டா, மைக்கில். “ங்கோனியா நீ? யாரு இவளை உள்ள விட்டது? மேடம், மாவு மூட்டை கீட்டை இருந்தா மேல தூக்கி வைங்க. எலி வந்திருக்கு.”

முற்றம் முழுதும் சிரிக்க வாயெடுத்து, நிறங்கள் நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டது. திருமதி சியாமே கண்ணையே மூடிக்கொண்டார்.

ஸெலிபா அவரை அண்ணாந்து பார்த்தாள். ஆறு வாரமாக யாரையும் அப்படிப் பார்க்கவில்லை.

“நீங்க மரத்துலேர்ந்து எப்ப இறங்கினீங்க சார்?” என்றாள்.

அதற்குமேல் ஊரால் முடியவில்லை. பந்தல் குலுங்கியது. முசோண்டாவே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பதினோரு வருஷத்துச் சிரிப்பு. “உங்க தாத்தா ஓடினாரே, அதை வேடிக்கை பாக்க இறங்கினேண்டி” என்றார்.

“இறங்கினவரு எதுக்கு எங்க வகுப்புக்குள்ள போனீங்க?” என்றாள் ஸெலிபா. அவள் சிரிக்கவில்லை. “நாங்க மரத்தடிக்குப் போயிட்டோம். மழையில நோட்டு நனைஞ்சுது. எங்கம்மா எழுதின பேரு போச்சு. கதவைத் தட்டினேன், யாரும் தொறக்கலை. உள்ள ஆளு இருந்தாங்க, எனக்குத் தெரியும். கபெம்ப்வா அம்மாவைப் பேசாதேன்னுட்டீங்க. இப்ப என்கிட்ட யாரும் பேசறதில்லை.” மைக் அவள் உயரத்துக்கு இல்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. “எங்கம்மா செத்த அன்னைக்கு எங்கப்பா மில்லுக்குப் போயி மாவு அரைச்சாரு. அவருக்குப் பச்சை குடுத்தீங்க.”

யாரும் கைதட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. பந்தலின் இரண்டாவது வரிசையில், முன்மாதிரிப் பெற்றோருக்கான நாற்காலியில், லாமெக் உட்கார்ந்திருந்தார்.

கால் மணி நேரத்தில் தலைமையாசிரியை அறைக்குள் நாலு பேர் கூடினார்கள். மிஸ் நாமுகோலோ கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

“சார், பொது இடத்துல, மைக்குல, குழந்தையைப் பாத்து வசைச்சொல். சிவப்பு வருது.”

“வசையா? இது கேலி முறைம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

“எனக்கும் தெரியும் சார். கட்டம் இல்லை.”

“சிவப்பு வந்தா என்ன?”

“பன்னிரண்டு வகுப்பு உக்காரணும். அது முடியறவரைக்கும் உங்க பொறுப்பை வேற ஒருத்தர் பாத்துக்குவாரு.”

“எவன் எழுதின விதி இது?”

“நீங்க, சார்.”

லாமெக் தொண்டையைக் கனைத்தார். “கேலி முறைன்னா, கபெம்ப்வா அம்மாவும்…”

“அது வேற கோப்பு மிஸ்டர் ஷாவா” என்றார் திருமதி சியாமே. அவர் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவர். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, கோடு போட்டு, எழுத ஆரம்பித்துவிட்டார். “பாருங்க சார். பொண்ணுக்குச் சிவப்பு போட்டா பள்ளிக்கூடம் பூஜ்யம் இல்லை. உங்களுக்குப் போட்டா திட்டமே பூஜ்யம். அதனால இன்னைக்கு மழை. விழா நடக்கலை. சான்றிதழ் நேத்தே அச்சாயிடுச்சு. அதைத் திருப்பி வாங்கற மாதிரி சம்பவம் எதுவும் நடக்கலை. பேரு பட்டியல்ல போயிடும். பெற்றோர் தரப்புல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

மூன்று பேரும் முன்மாதிரிப் பெற்றோரைப் பார்த்தார்கள். லாமெக் ஜன்னலைப் பார்த்தார். முற்றத்தில் வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. பந்தலின் நிழலுக்காக இரண்டு கோழிகள் சண்டை போட்டன.

அவர் கையெழுத்துப் போட்டார். “மழை பலமா, மிதமா?” என்று கேட்டார் மிஸ் நாமுகோலோ. மிதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ரயில் பாதையை ஒட்டியே அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். வெகுதூரம் வந்த பிறகு லாமெக் சொன்னார்: “உன் பேரு பட்டியல்ல வந்துடுச்சு.”

“எப்படி?”

அவர் சொன்னார். அவள் நின்றுவிட்டாள்.

“மழையா?”

“ஆமா. மிதம்.”

“அப்ப நான் பேசினது?”

“நடக்கலைன்னு எழுதியிருக்காங்க.”

“நீ என்ன எழுதினே?”

“கையெழுத்து.”

ஸெலிபா குனிந்து ஒரு சரளைக் கல்லை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் எறிந்தாள். ஒலித்தது. இன்னொன்று எடுத்தாள். “எதைக் காட்டினாலும் போட்டுடுவியா? கபெம்ப்வா அம்மா வாயை மூடறதுக்கும் போட்டே. மழைக்கும் போட்டே. நாளைக்கு நானே பொறக்கலைன்னு எழுதிக் குடுத்தா அதுலயும் போடுவியா?” கல் கல்லாக எறிந்தாள். பாதையோரத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். லாமெக் மகளை நிறுத்தச் சொல்லவில்லை.

கை ஓய்ந்ததும் அவள் மூச்சிரைக்கக் கேட்டாள்: “நான் பேசினது நடந்துச்சா, இல்லையா?”

“நடந்துச்சு.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“அப்ப சொல்லு. என்ன பேசினேன்?”

லாமெக் படிவத்தை வாசிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மரத்தடி. மழை. நோட்டு. அம்மா எழுதின பேர். கதவு. கபெம்ப்வாவின் அம்மா. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து நடக்கக் காலெடுத்தார்.

“இன்னொண்ணு இருக்கு” என்றாள் ஸெலிபா.

அவருக்கு மெல்லப் பேசியே பழக்கமில்லை. மில்லுக்குள் பேசுகிற குரலில்தான் அது வந்தது. “உங்கம்மா செத்த அன்னைக்கு நான் மில்லுக்குப் போயி மாவு அரைச்சேன்.”

“எதுக்கு?”

“துக்கத்துக்கு வந்தவங்களுக்குக் களி கிண்டணும். மாவு வேணும்ல.”

அவள் காத்திருந்தாள். சொன்னது உண்மைதான். மூன்று நாள், நூறு பேர். ஆனால் மற்ற மில்களும் ஊரில் இருந்தன.

“மில்லு ஓடறப்ப எதுவும் கேக்காது” என்றார் லாமெக்.

ஸெலிபா அவர் முகத்தையே பார்த்தாள். புருவத்திலும் காதோரத்திலும் காலையில் படிந்த மாவு.

“இப்ப மில்லு ஓடலை” என்றாள்.

லாமெக் ஷாவா சரளைக் கற்களின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சோளம் சுடும் பெண், கரியை விசிறுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தாள்.